ஒரு லிட்டருக்கு 100 கிராம் சல்ஃபைட்

35 மி.மீ. நெகட்டிவ் ஒன்றை என்லார்ஜரில் செருகி, அதன் தலையைக் கம்பத்தின் உச்சிவரை ஏற்றி, பலகையில் விழும் பிம்பத்தைக் கிரெயின் ஃபோகஸர் என்னும் சிறு உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள். முகமோ மரமோ கோபுரமோ தெரியாது. ஒளியும் நிழலுமான சொரசொரப்புதான் தெரியும். குமிழை மெல்லத் திருக, ஒரு கட்டத்தில் அந்தச் சொரசொரப்பு தனித்தனிப் புள்ளிகளாகத் துலங்கும். இன்னும் கொஞ்சம் திருகினால் கலங்கிவிடும். இருட்டறையில் பழகியவர்கள் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் பிடிப்பதில்லை, இந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். இவற்றைத்தான் கிரெயின் என்கிறோம்.

பிரிண்ட் போட்டபின் இவை எல்லா இடத்திலும் ஒரேபோலக் கண்ணில் படுவதில்லை. ஆழ்ந்த கறுப்பில் தெரியாது, தூய வெள்ளையிலும் தெரியாது. நடுத்தரச் சாம்பல் ஒரே சீராகப் பரவவேண்டிய இடங்களில்தான் உறுத்தும்: வானம், கன்னம், சுண்ணாம்பு அடித்த சுவரில் விழுந்த நிழல். தலைமுடியிலும் இலைக்கூட்டத்திலும் அதே அளவு கிரெயின் இருக்கும். ஆனால் அங்கே கண்ணுக்கு வேறு வேலை இருப்பதால் அதைப் பொருட்படுத்தாது.

இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு வெள்ளித் துகள் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இருக்க வழியில்லை. ஃபிலிமில் உள்ள வெள்ளி ஹாலைடு படிகம் பெரும்பாலும் ஒரு மைக்ரானை ஒட்டிய அளவு, அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். 24×36 மி.மீ. நெகட்டிவிலிருந்து 8×10 அங்குலப் பிரிண்ட் போட்டால் ஏறத்தாழ எட்டரை மடங்கு பெரிதாகிறது. அப்படியானால் ஒரு மைக்ரான் துகள் தாளில் எட்டரை மைக்ரான் ஆகும். படிக்கும் தூரத்தில் நம் கண் பிரித்தறியும் மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 100 மைக்ரான். தனித் துகள் நம் கண்ணுக்கு எட்டவே எட்டாது.

நாம் காண்பது துகள்களின் கூட்டத்தை. ஜெலட்டின் படலத்துக்குள் படிகங்கள் வரிசையாக அடுக்கப்படவில்லை. மேலும் கீழுமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, எப்படியோ விழுந்து கிடக்கின்றன. ஒரே அளவு ஒளி பட்ட இரண்டு பக்கத்துப் பக்கத்து இடங்களில்கூடத் துகள்களின் எண்ணிக்கை சமமாக இராது. சராசரியாக 100 துகள் இருக்கவேண்டிய இடத்தில் 90ம் இருக்கலாம், 110ம் இருக்கலாம். பத்து விழுக்காடு ஏற்ற இறக்கம். அதே இடத்தில் 10,000 சிறு துகள்கள் இருந்தால் ஏற்ற இறக்கம் 100தான். ஒரே ஒரு விழுக்காடு. கூட்டம் சற்று அடர்ந்த இடமும் சற்றுக் கலைந்த இடமும் மாறி மாறி வருவதைத்தான் கண் சொரசொரப்பாக வாசிக்கிறது. ஆகவே கிரெயினைக் குறைக்கவேண்டுமானால் துகள்களைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டவேண்டும், அல்லது ஒவ்வொரு துகளும் அடைத்துக்கொள்ளும் இடத்தைச் சுருக்கவேண்டும். முதல் வேலை ஃபிலிம் ஆலையில் நடப்பது. இரண்டாவது வேலையில் மட்டும்தான் டெவலப்பருக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு, அதற்கு என்ன விலை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

படிகத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு மைக்ரான் பக்கமுள்ள கனசதுர வெள்ளி புரோமைடு படிகத்தில் ஏறத்தாழ 2,000 கோடி வெள்ளி அயனிகள் இருக்கும். ஒளியின் ஃபோட்டான் ஒன்று உள்ளே நுழைந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. அந்த எலக்ட்ரான் படிகத்தின் ஏதோ ஒரு குறைபாட்டில் சிக்கிக்கொள்கிறது; அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. இப்படி ஒரே இடத்தில் நான்கு அணுக்கள் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் போதும், அந்தப் படிகம் டெவலப் ஆகத் தகுதி பெற்றுவிடுகிறது. இந்த விளக்கத்தை 1938இல் கர்னி, மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் கொடுத்தார்கள். நான்கு அணுக்கள் சாதாரண நுண்ணோக்கியில் படமாகத் தெரியாது. அதனால் இதை மறைபிம்பம் என்கிறோம்.

டெவலப்பர் அந்தச் சிறு புள்ளியின் வழியாகப் படிகத்துக்குள் எலக்ட்ரான்களை ஊட்டுகிறது. 2,000 கோடி அயனிகளும் வெள்ளியாக மாறுகின்றன. ஒளி செய்தது நான்கு அணு. டெவலப்பர் அதைப் பல நூறு கோடி மடங்காகப் பெருக்குகிறது. வேதியியலில் இவ்வளவு பெரிய பெருக்கத்தை இவ்வளவு எளிதாக, வீட்டுக் குளியலறையில் செய்துகாட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மாறிய வெள்ளி, படிகத்தின் பழைய வடிவத்தில் நிற்பதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பிய்த்துப் போட்டதுபோல இழை இழையாகச் சுருண்டு கிடக்கும். படிகம் இருந்த எல்லைக்கு வெளியேயும் இழைகள் நீளும், பக்கத்து இழைகளோடு பின்னிக்கொள்ளும். ஃபிலிமில் கறுப்பாகத் தெரிவது இந்த இழைக் குவியல்தான். இழைகள் எவ்வளவு பரந்து விரிகின்றன, எவ்வளவு சுருங்கிக் கெட்டியாகின்றன என்பதை டெவலப்பர் ஓரளவு மாற்றலாம்.

1925க்கு முன் இதைப்பற்றிக் கவலைப்படத் தேவையே இருக்கவில்லை என்று சொல்லலாம். பெரிய கண்ணாடித் தகட்டில் படமெடுத்து, தாளை அதன்மேல் வைத்து அழுத்தி, அதே அளவில் பிரிண்ட் போட்டார்கள். பெரிதாக்காத படத்தில் கிரெயின் எங்கே தெரியும்? அந்த ஆண்டு லைப்ஸிக் வணிகக் கண்காட்சிக்கு ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா கேமரா வந்தது. சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைச் சட்டைப்பைக்குள் அடங்கும் கருவிக்குள் ஓட்டி, 24×36 மி.மீ. நெகட்டிவ் எடுத்து, அதைப் பெரிதாக்குவது பார்னாக்கின் எண்ணம். நெகட்டிவ் சிறியது, படம் பெரியது. அன்றைய ஃபிலிமும் அன்றைய டெவலப்பரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெரிதாக்கியதும் வானம் பொரிந்து தெரிந்தது. நுண்கிரெயின் டெவலப்பர்களைத் தேடும் வேட்டை அதன்பின் 1930கள் முழுக்க நடந்தது.

விடை ஏற்கெனவே சினிமாவிடம் இருந்தது. ரோசெஸ்டரில் இருந்த கோடாக் நிறுவனத்தில் ஜான் கேப்ஸ்டாஃப் என்பவர், சினிமா நெகட்டிவைப் பிரதியெடுக்கும் வேலைக்காக 1920களின் பிற்பகுதியில் ஒரு டெவலப்பரை உருவாக்கினார். அதற்கு டி-76 என்று எண் கொடுத்தார்கள். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம். இல்ஃபோர்டின் ஐடி-11ம் இதே வாய்பாடுதான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகியும் இன்றும் புதிதாக வரும் டெவலப்பர் எதையும் இதனோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடுகிறார்கள்.

அந்த நான்கு எண்களில் கடைசி எண் விசித்திரமானது. சல்ஃபைட் பெரும்பாலான டெவலப்பர்களில் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மெட்டாலைக் கெடுத்துவிடாமல் காப்பது அதன் வேலை. அந்தக் காவலுக்கு 100 கிராம் வேண்டியதில்லை, அதில் ஒரு சிறு பகுதி போதும். மீதி எதற்கு?

சல்ஃபைட் வெள்ளி ஹாலைடைக் கரைக்கும். ஃபிக்ஸரில் உள்ள ஹைப்போ அளவுக்கு வேகமாக அல்ல, மிக மெதுவாக. ஃபிலிம் டெவலப்பரில் மூழ்கியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் படிகங்களின் மேற்பரப்பு கொஞ்சம் அரிக்கப்படுகிறது. கரைந்த வெள்ளி, வளர்ந்துகொண்டிருக்கும் இழைகளின்மேல் வந்து படிகிறது. இழை நீளமாக ஓடுவதற்குப் பதிலாகத் தடித்துக் குறுகுகிறது. ஓரங்கள் மழுங்குகின்றன. குவியல் கெட்டியாகி, அடைத்துக்கொள்ளும் இடம் குறைகிறது. டி-76ஐத் தண்ணீர் கலக்காமல் பல ரோல்களுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர்கள் பாட்டிலின் அடியில் கருஞ்சாம்பல் வண்டல் படிவதைப் பார்த்திருப்பார்கள். அது அழுக்கு அல்ல. படிகங்களிலிருந்து கரைந்து, இழைகளில் போய்ச் சேர இடம் கிடைக்காமல் கரைசலிலேயே படிந்த வெள்ளி. சல்ஃபைட் கரைக்கிறது என்பதற்குக் கண்ணால் காணும் சான்று அதுதான்.

இதற்கு அவகாசம் வேண்டும். கார்பனேட் போன்ற வலுவான காரம் சேர்த்த டெவலப்பர் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். சல்ஃபைட் அரிக்கத் தொடங்குவதற்குள் எல்லாம் வெள்ளியாகிவிடும். கேப்ஸ்டாஃப் வெங்காரத்தைத் தேர்ந்தெடுத்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. பொற்பட்டறையில் பற்றவைக்கப் பயன்படும் அதே வெங்காரம் மிக மென்மையான காரம். டெவலப்பர் நிதானமாக ஓடுகிறது, சல்ஃபைட்டுக்கு நேரம் கிடைக்கிறது. நிறைய சல்ஃபைட், கொஞ்சம் காரம்: நுண்கிரெயின் டெவலப்பர் என்ற பெயரில் விற்கும் பெரும்பாலானவற்றின் அடிப்படை இவ்வளவே.

இதை இன்னும் துலக்கமாகக் காட்டியது 1944இல் ஹென், கிராப்ட்ரீ என்ற கோடாக் ஆய்வாளர்கள் வெளியிட்ட டி-23. மெட்டால் ஏழரை கிராம், சல்ஃபைட் 100 கிராம், தண்ணீர். வேறொன்றும் இல்லை. ஹைட்ரோகுவினோன் இல்லை, வெங்காரமும் இல்லை. சல்ஃபைட் கரைசலே இலேசான காரத்தன்மை உடையது. மெட்டால் வேலை செய்ய அது போதும். காவல், காரம், கரைப்பான் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே பொருள் பார்க்கிறது. டெவலப்பர் வேதியியலைக் கற்க விரும்புபவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது டி-23 வாய்பாட்டைத்தான். இரண்டே பொருள் என்பதால் எது எதைச் செய்கிறது என்பதில் குழப்பம் வராது.

இனி விலையைப் பார்க்கலாம். அரிப்பு படிகத்தின் மேற்பரப்பில் நடக்கிறது. மறைபிம்பத்தின் நான்கைந்து அணுக்களில் பலவும் இருப்பது அதே மேற்பரப்பில்தான். மிகக் குறைந்த ஒளி பட்ட படிகங்களில், அதாவது படத்தின் நிழல் பகுதிகளில், அந்த அணுக்கள் அரிப்போடு போய்விடலாம். போனால் அந்தப் படிகம் டெவலப் ஆகாது. நிழலில் இருந்த விவரம் நெகட்டிவில் பதியாது. இதைத்தான் ஃபிலிமின் வேகம் குறைகிறது என்கிறோம். டி-76இல் இந்த இழப்பு புறக்கணிக்கத்தக்கது. கிரெயினை இன்னும் குறைக்க முற்படும்போது இழப்பு வளர்கிறது. டி-23இல் லிட்டருக்கு 15 கிராம் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்தால் காரத்தன்மை தணிந்து டி-25 ஆகிறது. டெவலப் ஆகும் நேரம் இருமடங்கு அளவுக்கு நீளும், கிரெயின் இன்னும் நுண்மையாகும், வேகமும் இறங்கும். கோடாக்கின் மைக்ரோடால், இல்ஃபோர்டின் பெர்செப்டால் ஆகியவையும் இதே வகை. அவற்றுக்கு ஈடாக இருட்டறை நூல்கள் தரும் வாய்பாடு மெட்டால் 5 கிராம், சல்ஃபைட் 100 கிராம், அயோடின் சேர்க்காத சாதாரண உப்பு 30 கிராம். அடுப்படி உப்பு ஃபிலிம் கழுவவும் பயன்படுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குளோரைடு அயனியும் வெள்ளி ஹாலைடைச் சற்றுக் கரைக்கும். இந்த வகை டெவலப்பர்களில் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை வேகத்தை விட்டுக்கொடுக்கவேண்டும். 400 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமை 250 என்றோ 200 என்றோ வைத்துப் படமெடுக்கவேண்டியிருக்கும்.

இன்னும் மேலே போனவர்களும் உண்டு. சினிமாவைத் தந்த அதே லூமியர் சகோதரர்கள், சேயவெட்ஸ் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து, பாராஃபினைலின்டையமின் என்ற பொருள் மிக நுண்ணிய கிரெயின் தருவதை 1904இலேயே கண்டிருந்தார்கள். 1930களில் சிறு கேமராக்காரர்கள் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள். டெவலப்பராக அது சோம்பேறி, கரைப்பானாக வல்லது. இருமடங்கு ஒளி கொடுத்தால்கூடச் சில சமயம் போதாது. நம் ஊரில் கறுப்புத் தலைச்சாயம் போட்டதும் சிலருக்கு முகம் வீங்கித் தோல் தடித்துப்போவதற்குக் காரணமாகும் பொருளும் இதுதான். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது உடம்பைவிட்டுப் போகாது. இதை வீட்டில் கலக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிடைக்கும் நுண்மை அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

இரண்டாவது விலை, ஓரக் கூர்மை. சல்ஃபைட் துகள்களின் ஓரத்தை மழுக்குகிறது என்று சொன்னேன். கண் ஒரு படத்தைக் கூர்மையானது என்று முடிவுசெய்வது கோடுகளின் விளிம்பைப் பார்த்து. கிரெயினின் விளிம்பு துலக்கமாக இருந்தால் படமும் துலக்கமாகத் தோன்றும். 1891 முதல் விற்பனையில் இருக்கும் ரோடினாலைப் பாருங்கள்; ஆக்ஃபா நிறுவனத்தில் மோம்மே ஆண்ட்ரெசன் உருவாக்கியது. அதில் ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர் சேர்க்கும்போது சல்ஃபைட் பெயரளவுக்குத்தான் மிஞ்சும், கரைப்பு வேலை நடக்காது. கிரெயின் முழுதாகத் தெரியும், ஆனால் விளிம்புகள் வெட்டினாற்போல் இருக்கும். நீர்த்த டெவலப்பரில் இன்னொன்றும் நடக்கிறது. அதிக ஒளி பட்ட இடத்தில் டெவலப்பர் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. பக்கத்தில் ஒளி குறைந்த இடத்தில் தீராமல் இருப்பது எல்லையைத் தாண்டி வந்து ஓரத்தை இன்னும் கறுப்பாக்குகிறது. இந்தப் பக்கம் தீர்ந்த கழிவு அந்தப் பக்கம் போய் வெளுப்பாக்குகிறது. விளிம்பில் நூலிழையளவு கோடு போட்டதுபோன்ற விளைவு. அடர்ந்த சல்ஃபைட் கரைசலில் இது மங்கிவிடும்.

நடுவழி ஒன்று உண்டு, பெரும்பாலோர் அதில்தான் போகிறார்கள். டி-76ஐயோ ஐடி-11ஐயோ சம அளவு தண்ணீர் கலந்து ஒரேமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுவது. சல்ஃபைட் 50 கிராமாகிறது. கிரெயின் மயிரிழை கூடுகிறது, ஓரம் நன்றாகத் துலங்குகிறது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு 20 டிகிரி செல்சியஸில் கலக்காத ஐடி-11 ஏழரை நிமிடம், சம தண்ணீர் கலந்தால் 13 நிமிடம், மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் 20 நிமிடம். மூன்றுக்கும் ஒரே பாட்டில்தான்.

இவ்வளவு சொன்னபிறகு ஒன்றைத் திட்டமாகச் சொல்லவேண்டும். டி-76க்கும் பெர்செப்டாலுக்கும் இடையே பிரிண்டில் தெரியும் வேறுபாடு உண்மையானது, ஆனால் சிறியது. ஃபிலிமை மாற்றினால் வரும் வேறுபாடு அதைவிடப் பலமடங்கு பெரியது. நுண்ணடர்த்திமானியில் 48 மைக்ரான் துளை வழியாக அளந்து ஃபிலிமின் கிரெயினுக்கு ஓர் எண் தருவார்கள். கோடாக் வெளியிட்ட எண்களில் டிரை-எக்ஸ் 400க்கு 17, இன்றைய டி-மேக்ஸ் 400க்கு 10, டி-மேக்ஸ் 100க்கு 8. எந்த டெவலப்பரும் 17ஐ 8 ஆக்கிவிடாது.

படிகத்தின் அளவு ஆலையில், ஜெலட்டின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டும் ஹாலைடும் சந்திக்கும் கலத்தில் தீர்மானமாகிறது. எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் படிகம் வளர்கிறது. பெரிய படிகம் அதிக ஒளியைப் பிடிக்கும். அதனால் வேகமான ஃபிலிமில் கிரெயினும் பெரிது. இந்தப் பிணைப்பை ஓரளவு தளர்த்தியவை தட்டைப் படிகங்கள். கனசதுரமாக வளரவிடாமல் மெல்லிய தகடாக வளர்த்தால் அதே அளவு வெள்ளிக்கு ஒளி படும் பரப்பு கூடுகிறது. கருப்பு வெள்ளையில் 1986இல் டி-மேக்ஸ் ஃபிலிம்கள் இந்த வகையில் வந்தன. அதற்குப்பின் இல்ஃபோர்டின் டெல்டா வரிசை. படிகம் வளர்க்கும் இந்தத் தொழில் தமிழ்நாட்டு மண்ணிலும் நடந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோத் தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. குளிர்ந்த, தூசி குறைந்த மலைக்காற்று இத்தொழிலுக்கு உகந்தது. இந்நாட்டுக்கென்று ஒரு ஃபிலிம் ஆலை இருந்தது என்பதே இன்று பலருக்குத் தெரியாமல் போனது பெரிய வருத்தம்.

ஃபிலிமுக்கு அடுத்தபடியாகக் கிரெயினை முடிவுசெய்வது நாம் கொடுக்கும் ஒளி. நெகட்டிவ் தேவைக்கு மேல் கறுத்தால், துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிரெயின் தடித்துத் தெரியும். ஒளி சற்றுத் தாராளமாக இருக்கட்டும் என்ற பழைய அறிவுரை நிழல் விவரத்துக்கு நல்லது. ஒரு ஸ்டாப்புக்கு மேல் போனால் கிரெயினில் அடிவாங்கும். டெவலப்பரில் கூடுதல் நேரம் வைப்பதும், டேங்க்கை ஓயாமல் கவிழ்த்துக் குலுக்குவதும் அதே விளைவைத் தரும். நுண்கிரெயின் டெவலப்பரை விலைகொடுத்து வாங்கிவிட்டு நெகட்டிவை அளவுக்கு மீறிக் கறுக்கவிட்டால் வாங்கியது வீண். இதற்கு விதிவிலக்கு எக்ஸ்பி2 போன்ற, கலர் ஃபிலிமுக்கான சி-41 முறையில் கழுவும் கருப்பு வெள்ளை ஃபிலிம்கள். அவற்றில் வெள்ளி முழுவதும் நீக்கப்பட்டுச் சாய மேகங்கள்தான் மிஞ்சுகின்றன. ஒளி கூடக்கூட மேகங்கள் ஒன்றோடொன்று கலந்து சொரசொரப்புக் குறையும்.

1996இல் கோடாக் வெளியிட்ட எக்ஸ்டால், வேகத்தை இழக்காமல் கிரெயினைக் குறைத்த டெவலப்பர். சில்வியா சவாட்ஸ்கியும் டிக் டிக்கர்சனும் உருவாக்கியது. ஹைட்ரோகுவினோனுக்குப் பதில் வைட்டமின் சியின் நெருங்கிய உறவான ஐசோஅஸ்கார்பேட்டை வைத்தார்கள். சல்ஃபைட் அதிலும் ஏராளம். இதைக் கலக்கும்போது தண்ணீரில் கவனம் வேண்டும். இரும்போ செம்போ சிறிதளவு இருந்தாலும் அஸ்கார்பேட் விரைவில் கெட்டுவிடும்; கெட்டது நிறத்திலும் தெரியாது. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இரும்புச்சத்து மிகுந்தது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்துங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். டெவலப்பர் பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் நேரம் 20 டிகிரிக்கானது. சித்திரை மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். 20 டிகிரியில் 8 நிமிடம் என்றால் 24 டிகிரியில் ஐந்தரை நிமிடத்துக்கு அருகில் வரும். 30இல் இன்னும் மிகக் குறுகிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் டேங்க்கில் ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் நொடிகளே கணக்கைக் குலைத்து, வானத்தில் திட்டுத்திட்டாகப் படியும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ்கட்டி போட்ட வாளியில் நிறுத்தி 24க்குக் கொண்டுவருவதும், தண்ணீர் கலந்து நேரத்தை நீட்டுவதும் சேர்த்துச் செய்யவேண்டியவை. ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டுக்கு அருகில் இருக்கட்டும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்த ஃபிலிமைச் சூடான தண்ணீரில் போட்டால், ஊறிய ஜெலட்டின் திடீரென விரிந்து சுருக்கம் விழலாம். அந்த வலைப்பின்னலைக் கிரெயின் என்று எண்ணி டெவலப்பரைக் குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள்.

டி-23ஐ நீங்களே கலந்துபாருங்கள். ஆய்வக வேதிப்பொருள் கடையில் கேட்கும்போது சோடியம் சல்ஃபைட் என்று எழுதியே கொடுங்கள். சல்ஃபேட்டும் சல்ஃபைடும் முற்றிலும் வேறு. லேபிளில் நீரற்றது என்று இருக்கிறதா என்று பாருங்கள். படிக வடிவில் வருவதில் பாதி எடை தண்ணீர். அதுதான் கிடைத்தது என்றால் 100 கிராமுக்குப் பதில் 200 கிராம் போடவேண்டும். 50 டிகிரிச் சூட்டில் 750 மி.லி. தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை சல்ஃபைட் போட்டுக் கலக்கியபின் மெட்டால் ஏழரை கிராமைத் தூவிக் கிளறுங்கள். துணுக்கு ஒன்றும் மிதக்காமல் கரைந்தபின்னரே மீதி சல்ஃபைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். வரிசை மாறினால், அடர்ந்த சல்ஃபைட் கரைசலில் மெட்டால் கரையாமல் வெள்ளைத் துணுக்குகளாகவே நின்றுவிடும். எல்லாம் தெளிந்ததும் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெட்டாலும் சிலர் தோலுக்கு ஆகாது. கழுத்துவரை நிரப்பிய பழுப்புப் பாட்டிலில் சில மாதங்கள் தாங்கும்.

பிறகு ஒரே காட்சியை ஒரு ரோல் முழுவதும் எடுங்கள். அதில் வானமும் ஒரு முகமும் தலைமுடியும் இருக்கட்டும். இருட்டில் ரோலை நடுவில் வெட்டி, ஒரு பாதியைத் தண்ணீர் கலக்காத டி-23இலும் மறுபாதியை மூன்று பங்கு தண்ணீர் கலந்ததிலும் கழுவுங்கள். டி-76க்கான நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்துத் தொடங்கலாம். இரண்டிலிருந்தும் 8×10 பிரிண்ட் போடுங்கள். ஸ்கேன் செய்து கணினித் திரையில் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். பல ஸ்கேனர்கள் கிரெயினை மிகைப்படுத்திக் காட்டும். பிரிண்டைக் கையில் பிடிக்கும் தூரத்தில் வைத்து வானத்தையும் தலைமுடியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் படங்களில் எது முக்கியம் என்று தெரிந்துவிடும். சல்ஃபைட் எத்தனை கிராம் என்பதை அதன்பின் நீங்களே தீர்மானிக்கலாம்.